வழக்கமான பயணம்

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே செபமாலைக்கும் அதன் டிஸ்பிளேவுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஏறக்குறைய முப்பது வருசம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். முள் ஆடும் மீட்டரைக்கூட அவர் பார்த்து ஓட்டியதில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகம் சொல்வார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், மாட்டுத் தீவன மூட்டை ஏற்றி இறக்கலாம் என்று பிக்கப் வண்டி ஒன்று வாங்கினார். திருச்சி ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு ஆவூர் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"முள்ளு ஒண்ணையும் காணோம். பூரா டிவிப் பொட்டியா இருக்கு. வழியெல்லாம் கிணிங் கிணிங்னு அடிச்சுக்கிட்டே வருது. என்னான்னு கேட்டா இங்கிலீசுல திட்டுது" என்றார்.

அவர் மனைவி ஆரோக்கியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு திரை, நடுவில் பெரிதாக இன்னொரு திரை. அவளுக்கு அது பயமாக இல்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் தினமும் செல்போனில் ஏற்றி ஏற்றிப் பழகியவள். இரண்டு இடத்தில் தொட்டாள், மூன்றாவது இடத்தில் மொழி என்று வந்தது. தமிழை அமுக்கினாள்.

திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. 'இருக்கைக் கச்சை அணிக' என்றது.

"கச்சையா? எந்தப் போருக்குடி நான் போறேன்?" என்றார் செபமாலை.

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாயிருந்தது.

அந்தத் தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று இரண்டு பேருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் 'கதவு அஜார்' என்றது. ஆயில் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை 'எண்ணெய் வாழ்க்கை' என்று போட்டது. "நம்ம வாழ்க்கையே என்னான்னு தெரியல, இதுல எண்ணெய்க்கு ஒரு வாழ்க்கை" என்று செபமாலை தலையில் அடித்துக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பும்போது திரையில் ஓட்டுகிறவரின் பெயரைச் சொல்லி வரவேற்கும் வசதி இருந்தது. ஆரோக்கியம்மாள் ஆசையாக 'செபமாலை' என்று தமிழில் அடித்தாள். வண்டிக்கு அந்த எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. முன்னால் நிற்கவேண்டிய கொம்பு கழன்று பின்னால் போய் நின்றது. அதற்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். பல் போன வாய் மாதிரி இருந்தது பெயர்.

"எம் பேரைக் கூட ஒழுங்கா எழுதத் தெரியாத வண்டிக்கு இம்புட்டு வெலை" என்றார். அவள் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாள். அதுவும் இடம் பற்றாமல் பாதியில் நின்றது. 'செபா' என்று வரவேற்றால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு பெரிய திரைக்கு ஒரு படம் வைக்க வேண்டும். அவள் தன் செல்போனை வண்டியோடு இணைத்தாள். போனில் இருந்த படங்கள் எல்லாம் திரையில் வரிசையாக ஓடின. அங்கன்வாடிப் பிள்ளைகள் கொழுக்கட்டை தின்பது, ஆவூர்த் தேர், ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நடுவில் அன்புமொழி வந்தாள். நர்சிங் காலேஜ் கடைசி நாளில், வெள்ளைக் கோட்டோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற படம். ஆரோக்கியம்மாளின் விரல் அதன்மேல் நின்றுவிட்டது.

"மாதா படத்தைப் போடு" என்றார் செபமாலை. குரலில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவள் மாதா படத்தை வைத்தாள்.

அன்புமொழி அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வருசத்துக்கு முன்னால், கொடும்பாளூர்க்காரனான சேரன் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். சோலார் பேனல் மாட்டும் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். வேறு மதம், வேறு சாதி. மாதா கோவிலில் வைத்துக் கட்டிக்கொள்ளவில்லை என்பதை ஊருக்குச் சொல்லும் காரணமாக வைத்துக்கொண்டார் செபமாலை. உண்மையான காரணம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். பங்காளிகள் எல்லாம் கூடியிருந்த அன்று, முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். "அவ வாசல்ல எங்க வீட்டு ஆளு காலு வெச்சா, அன்னைக்கே என்னையப் பெட்டியில வெச்சுப்புடலாம்" என்றார். அதோடு விடவில்லை. ஆரோக்கியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்து, "சத்தியம் பண்ணு" என்றார்.

அதற்கு முந்தின வருசம்தான் அவர் நெஞ்சுவலி வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தார். அவள் சத்தியம் செய்தாள்.

செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். ஒரு நாள் அங்கன்வாடியில் ஒரு பிள்ளையை எடை மெஷினில் உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அன்புமொழியின் நம்பர். எடுத்துக் காதில் வைத்தாள். "அம்மா... பொம்பளப் புள்ளம்மா" என்ற குரல் ஈனமாக வந்தது. பிரசவம் முடிந்து மணிக்கணக்குக்கூட ஆகியிருக்காது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஆரோக்கியம்மாள் போனைக் கட் பண்ணினாள். பிறகு எடை மெஷினில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். உதவியாளர் ஓடிவந்து கேட்டதற்குத் தலைசுற்றல் என்றாள்.

அதற்கப்புறம் மகள் கூப்பிடவில்லை. ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரையும் மாசம் தவறாமல் நிறுத்துப் பார்க்கிற தன் கை, சொந்தப் பேத்தியைத் தொட்டதில்லை என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு சோறு, குழம்பு, கரண்ட் என்ற அளவில் சுருங்கிப்போனது.

அந்தப் பேச்சை வண்டி கொஞ்சம் கூட்டிவிட்டது என்பது உண்மை. சாயங்காலம் வண்டி வந்து நின்றதும், "ஏ ஆரோக்கியம், இங்கிட்டு வா, இது என்னமோ கேக்குது" என்று கூப்பிடுவார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் போவாள். பக்கத்து சீட்டில் தீவன மூட்டையை வைத்தால், ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கச்சை அணியச் சொல்லிக் கத்தியது வண்டி. மூட்டைக்கு பெல்ட் போட்டுவிடச் சொன்னாள் அவள். சில நேரம் வண்டி, 'நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள்' என்று எழுதி ஒரு காபிக் கோப்பையைக் காட்டும். குண்டும் குழியுமான ரோட்டில் அவர் வண்டியை ஒடித்து ஒடித்து ஓட்டுவதைப் பார்த்து, தூங்கி வழிகிறார் என்று அது முடிவு கட்டிக்கொண்டது. "பஸ்ஸு ஓட்டுனப்ப ஒரு பய என்னையக் காபி குடிக்கிறியான்னு கேட்டதில்ல" என்று அதற்கும் திட்டுவார். வெளிச்சத்தைக் குறைத்தாள், சத்தத்தைக் குறைத்தாள், அவருக்குப் பிடிக்காததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி மறைத்து வைத்தாள். வண்டியைப் பொறுத்தவரை அவர் அவளை நம்பியிருந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் 'புதிய மென்பொருள் தயார்' என்று வந்தது. தன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதையும் ஏற்றிக் கொடுத்தாள். கொம்பு கழன்ற எழுத்து அதில் சரியாகும் என்று எதிர்பார்த்தாள். சரியாகவில்லை. ஆனால் வண்டி அதற்கப்புறம் பேசத் தொடங்கியது. ஒரு பெண் குரல், மூக்கால் பேசுகிற மாதிரி, போகும் பாதையைச் சொல்லிற்று. தினமும் காலையில் விராலிமலை குடோனுக்குப் போகும் நேரம் வந்தால், கேட்காமலே, "விராலிமலை, வழக்கமான பயணம். தொடங்கவா?" என்றது.

"அட, பழகிருச்சே" என்று ஆரோக்கியம்மாள் ஆச்சரியப்பட்டாள். செபமாலை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விடியற்காலை முதல் பூசைக்குத் தனியாக வண்டியில் போய்விடுவார். அப்படியே லோடு ஒன்று இருக்கிறது என்று சொல்லி மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார். பிக்கப் வருவதற்கு முன்பு பைக்கில் போவார். அப்போது லோடு இல்லை, பழைய டிரைவர் சங்கத்து ஆட்களைப் பார்க்கப் போகிறேன் என்பார். அவள் இரண்டாவது பூசைக்குப் பக்கத்து வீட்டுக்காரிகளோடு பேசிக்கொண்டே நடந்து போவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பூசைக்குப் போக வேண்டியதாயிற்று. முடிந்து வெளியே வந்தால் தூறல். நடந்து போகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "ஏறு, எறக்கி விட்டுட்டுப் போறேன், லோடு இருக்கு" என்றார். கோவிலுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். அவர் பட்டனை அமுக்கினார்.

திரை எரிந்தது. செபாவை வரவேற்றது. பிறகு அந்த மூக்குக் குரல், மழைச் சத்தத்துக்கு மேல் தெளிவாகச் சொன்னது:

"ஞாயிறு. கொடும்பாளூர், வழக்கமான பயணம். தொடங்கவா?"

செபமாலையின் கை பாய்ந்து போய்த் திரையை அமுக்கியது. தவறான இடத்தில் அமுக்கிவிட்டார். வரைபடம் விரிந்தது. நீலக் கோடு ஒன்று ஆவூரிலிருந்து கிளம்பி, விராலிமலையைத் தாண்டி, நான்குவழிச் சாலையில் இறங்கி, கொடும்பாளூருக்குள் திரும்பி ஒரு சின்னத் தெருவில் போய் முடிந்தது.

"இது கிறுக்குப் புடிச்ச வண்டி" என்றார். "அங்கிட்டு ஒருக்கா தீவனம் எறக்கப் போனேன். அதைப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

ஆரோக்கியம்மாள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். காதோரம் வேர்த்திருந்தது. திருச்சியில் நெஞ்சுவலியோடு கொண்டுபோய்ப் படுக்க வைத்த அன்று இருந்த முகம் இல்லை இது. பிடிபட்டவனின் முகம்.

அவள் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, சாதாரணமாக, அரிசி இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"பாப்பா எப்புடி இருக்கா?"

"சளி புடிச்சிருந்துச்சு. இப்பப் பரவால்ல" என்றார் செபமாலை.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. வாய் திறந்தபடி இருந்தது. துடைப்பான் கண்ணாடியில் இங்கும் அங்கும் ஆடியது. கோவிலில் இருந்து வெளியே வந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனார்கள். தெரிந்தவர்கள் சிலர் கையசைத்தார்கள்.

"எம்புட்டு நாளா?" என்றாள்.

"ஆரோக்கியம், வீட்டுக்குப் போயிப் பேசுவோம்."

"எம்புட்டு நாளான்னு கேட்டேன்."

"ஒரு வருசம் இருக்கும்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ளைக்குக் காச்சல் கண்டு விராலிமலை ஆஸ்பத்திரியில வெச்சிருக்காகன்னு சங்கத்து ஆளு ஒருத்தன் சொன்னான். சும்மா வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துருவோம்னுதான் போனேன். அவ பாத்துட்டா. புள்ளையக் கொண்டாந்து எங் கையில குடுத்துட்டா. நான் என்ன செய்ய? கீழ போடவா முடியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

"நான் சத்தியம் பண்ணுனேனே. உங்க தலையில கை வெச்சுப் பண்ணுனேனே. உங்க உசுருக்குன்னு நெனச்சு, பெத்த மக பேச்சக் கேக்காம போனக் கட் பண்ணுனேனே. நீங்க மட்டும் போயி வாரம் வாரம் புள்ளையத் தூக்கிக்கிட்டு..."

"எப்புடிடி சொல்லுவேன்? அத்தன பேரு முன்னாடி அப்புடிக் கத்திட்டு, நாந்தான் மொத ஆளாப் போயி நின்னேன்னு எப்புடிச் சொல்லுவேன்? நீ என்னைய என்னா நெனப்ப? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். நாளாக நாளாகச் சொல்ல முடியல. இந்த எழவு வண்டி வேற. போன வாரமும் இப்புடித்தான் கத்துச்சு. அதை எப்புடி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. ஒன்ட்டக் கேக்கவும் முடியாது."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் அவளை அதிகம் சுட்டது. அவரைச் சொல்லவிடாமல் தடுத்தது வெட்கம். அவளிடமிருந்து மறைக்க அவருக்குத் துணை தேவைப்பட்டது. அந்தத் துணைக்கும் அவளைத்தான் தேடியிருக்கிறார்.

"அவ என்னையக் கேட்டாளா?" என்றாள்.

"கேட்டா."

"என்னா சொன்னீங்க?"

மழை வலுத்தது. அவர் கியரில் கையை வைத்தார். அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"என்னா சொன்னீங்க?"

"உங்கம்மாவுக்கு இன்னம் கோவம் தீரலன்னு சொன்னேன்" என்றார் செபமாலை. "வரமாட்டேங்குறான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

ஆரோக்கியம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். மடியில் இருந்த செபப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். அழுகை வரும் என்று அவர் பயந்தார். வரவில்லை.

"வண்டிய எடுங்க" என்றாள். "கொடும்பாளூருக்குப் போங்க."

"இப்பவா? சொல்லாம கொள்ளாம..."

"எடுங்க."

அவள் பெல்ட் போடவில்லை. 'இருக்கைக் கச்சை அணிக' என்று வண்டி கத்த ஆரம்பித்தது. அவர் ஒரு தடவை, "அந்த பெல்ட்ட..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். சத்தம் தானாக அடங்கிய பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது. விராலிமலை கடைத்தெருவில் ஒரு பேக்கரியைக் கண்டதும் அவர் வண்டியை மெதுவாக்கினார். வழக்கமாக அங்கேதான் வாங்குவார் என்று அவளுக்குப் புரிந்தது. "பாப்பாவுக்கு என்னா புடிக்கும்?" என்று கேட்க வாய்வரை வந்தது. அந்த வீட்டைப் பற்றி இன்னொரு விஷயத்தையும் அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள மனம் ஒப்பவில்லை. கேட்காமல் இருந்துவிட்டாள். அவரும் நிறுத்தாமல் போனார்.

நான்குவழிச் சாலையை விட்டு இறங்கியதும் மழை இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது. மூவர் கோயிலுக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில் திரும்பி, ஒரு தெருவுக்குள் போய், கான்கிரீட் தளம் போட்ட தார்ஸ் வீடு ஒன்றின் முன்னால் வண்டி நின்றது. சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து ஒரு குழந்தை, ஒரு காலில் மட்டும் செருப்போடு, "தாத்தா, தாத்தா" என்று ஓடி வந்தது.

ஆரோக்கியம்மாள் இறங்கினாள். குழந்தையைப் பார்த்தாள். அங்கன்வாடிக் கண்ணுக்கு முதலில் எடைதான் பட்டது. வயசுக்குக் கொஞ்சம் குறைவு. நெற்றி அன்புமொழியின் நெற்றி. "வா தங்கம்" என்று கையை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்ததும் நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு ஓடி, செபமாலையின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அதற்குள் முகத்தைப் புதைத்தது.

வாசலில் அன்புமொழி நின்றாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். கையில் கரண்டி. அம்மாவைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"வாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அம்மாவை அவள் வா, போ என்றுதான் கூப்பிடுவாள். ஆரோக்கியம்மாளுக்கு அந்த ஒரு 'ங்க' போதுமாக இருந்தது.

சேரன் நாற்காலி எடுத்துப் போட்டான், மின்விசிறியைத் திருப்பி வைத்தான், பிறகு கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். சுவரில் குழந்தையின் படங்கள். ஒன்றில் செபமாலை குழந்தையை மடியில் வைத்துக் காது குத்துக்கு உட்கார்ந்திருந்தார். புது வேட்டி, தோளில் துண்டு. அந்த வேட்டியைக் கஞ்சி போட்டு மடித்து வைத்தது அவள்தான். டிரைவர் சங்கத்து விசேஷம் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனார்.

"இப்பத்தான் கோவம் தீந்துச்சா?" என்றாள் அன்புமொழி. டீயை ஆற்றிக்கொண்டே, திரும்பாமல்.

செபமாலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சல் ஆரோக்கியம்மாளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவம்னு யாரு சொன்னா? உங்கப்பா இங்க வந்து போறாருங்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். வரக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனதே அவருதான். கேளு. அங்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு, கேளு."

அன்புமொழி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் குழந்தையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய வாரைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சரி" என்றாள். டீயைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். "அவரு பொய் சொன்னாரு. ஒத்துக்கிறேன். அதை நான் அவருட்டக் கேட்டுக்கிறேன். ஆனா புள்ள பொறந்த அன்னைக்கு நான் போன் பண்ணுனேன். தையல் போட்ட வலியோட, மொத போனு உங்களுக்குத்தான் பண்ணுனேன். அதைக் கட் பண்ணுனது யாரு? அப்பாவா?"

"அவரு உசுரு..."

"அப்பா வந்தாரும்மா. அத்தனை பேரு முன்னாடி கத்துனவரு, வெக்கத்த விட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னாரு. பொய்யி சொல்லிக்கிட்டுத்தான் வந்தாரு. ஆனா வந்தாரு. நீங்க ஒரு பொய்யி சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?"

ஆரோக்கியம்மாளுக்குத் தெரிந்த நியாயம் எல்லாம் ஒரே நிமிசத்தில் தலைகீழாகிவிட்டது. வாக்குத் தவறியவர் மடியில் பேத்தி இருக்கிறது. வாக்கைக் காப்பாற்றியவள் விருந்தாளி நாற்காலியில் இருக்கிறாள். டீயை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை கூடுதலாக இருந்தது. அவளுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருசமாகிறது என்பது மகளுக்குத் தெரியாது. சொல்லவில்லை.

கிளம்பும்போது அன்புமொழி வாசல்வரை வந்தாள். "வந்துட்டுப் போங்க" என்றாள். அழைப்பும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. குழந்தை தாத்தாவுக்கு மட்டும் கையசைத்தது.

செபமாலை வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆரோக்கியம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமல் மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "ஏறு ஆரோக்கியம், ஊரு பாக்குது" என்றார் கண்ணாடியை இறக்கி. "பாக்கட்டும்" என்றாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ்ஸில் கொடும்பாளூர் போய்வந்தாள். விராலிமலையில் இறங்கி மாறிப் போகவேண்டும். அவர் ஞாயிறு போவதை விட்டுவிட்டு, லோடு இறக்குகிற சாக்கில் வார நாளில் போய்வந்தார். இரண்டு பேருக்கும் இது தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் சமைத்து வைப்பாள், அவர் போட்டுச் சாப்பிடுவார். திரையில் என்ன வந்தாலும் அவர் அவளைக் கூப்பிடுவதில்லை.

மகள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். நாலைந்து வாரம் போன பிறகு குழந்தை அருகில் வந்து, அவள் கொண்டுபோன வேர்க்கடலை உருண்டையை வாங்கிக்கொண்டு ஓடியது. அம்மாச்சி என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தை சொல்லவில்லை. அன்புமொழியும் சொல்லச் சொல்லி அதட்டவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, உருண்டை டப்பாவோடு போய் இறங்கினாள். வீடு பூட்டிக் கிடந்தது. கடைக்குப் போயிருப்பார்கள் என்று வாசலில் நின்றாள். வெயில் ஏறியது. எதிர்வீட்டு மீனம்மாள் துணி காயப்போட வந்தவள், இவளைப் பார்த்துவிட்டுக் கொடியடியிலேயே நின்றாள்.

"அவுக இல்லையே. திருச்செந்தூருக்குப் போயிருக்காக, சேரன் வீட்டு ஆளுகளோட. நேத்துச் சாயங்காலம் தாத்தாதான வண்டியில திருச்சி ரயிலடிக்குக் கொண்டுபோயி விட்டாரு? உங்ககிட்டச் சொல்லலியா?"

"சொன்னாரு. நாந்தான் மறந்துட்டேன்" என்றாள் ஆரோக்கியம்மாள்.

டப்பாவை மீனம்மாளிடமே கொடுத்து, வந்ததும் கொடுத்துவிடச் சொன்னாள். பஸ் வர வெகு நேரமாகியது. காலையில் தான் சேலை கட்டிக்கொண்டு கிளம்பியபோது செபமாலை வாசலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவது மாதிரி துணியைக் கையில் பிழிந்தார். அவள் நிற்காமல் போய்விட்டாள். நின்றிருந்தால் சொல்லியிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லியிருப்பார் என்று நினைக்கவும் முடியவில்லை, சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கவும் முடியவில்லை. மகளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் சொல்வது அப்பாவின் வேலை என்று அவள் விட்டிருப்பாள். அந்த வீட்டுப் பழக்கம் அது.

வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்தாள். செபமாலை அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்து நின்று வெகு நாளாயிற்று.

"சொல்லத்தான் வந்தேன்" என்றார். "நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட."

அவள் அரிசியைக் களைந்தாள்.

"ரெண்டு பேரும் இப்புடி ஆளுக்கொரு நாளு போயிக்கிட்டிருந்தா புள்ளைக்கு என்னா புரியும்? புதன்கெழமை வந்துருவாக. அடுத்த ஞாயித்துக்கெழம சேந்தே போவோம். வண்டியிலயே போயிருவோம், என்ன?"

அரிசியை உலையில் போட்டு மூடினாள். தீயைக் கொஞ்சம் குறைத்தாள். அவர் பதிலுக்கு நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க போங்க" என்றாள் ஆரோக்கியம்மாள். "நான் பஸ்ல வாரேன்."